மூன்று காடுகள், ஒரு சைக்கிள்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

 

போன சில வாரமா இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "பாண்டி பக்கம் கிராவல் ரைடு போக நல்ல ரூட் இருக்கா? இருந்தா ஜிபிஎக்ஸ் ஃபைல் அனுப்புங்க." ரூட் இருக்கு. இன்னைக்கு முழுசா சொல்லப் போறேன். ஆனா ஃபைல் மட்டும் தரமாட்டேன். பிகு பண்றேன்னு நினைக்காதீங்க. ஒரு தடவை கொடுத்தேன், அதுல ஒரு தப்பு நடந்துச்சு. அந்தக் கதை நடுவுல வரும்.

முதல்ல, கிராவல் பைக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்கும், ஹேண்டில்பார் கீழ வளைஞ்சிருக்கும். ஆனா டயர் தடிமன். 40 மில்லிமீட்டர், 45 மில்லிமீட்டர்னு இருக்கும். தார் ரோட்டுலயும் ஓடும், மண் ரோட்டுலயும் ஓடும். அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல எம்போரியான்னு ஒரு சின்ன ஊர். அங்க 2006-ல ஆரம்பிச்ச 200 மைல் மண் ரோட்டுப் பந்தயம்தான் இந்த வகை சைக்கிளுக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்துச்சு. நம்ம ஊர்ல தாத்தாக்கள் ஹெர்குலிஸ் சைக்கிள்ல ரெண்டு பக்கமும் பால் கேன் கட்டிட்டு இதே வேலையத்தான் செஞ்சாங்க. அவங்க அதுக்குப் பேரு வைக்கல, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். நம்ம ஊர்ல "கிராவல்"னு சொன்னா சைக்கிள் ஞாபகம் யாருக்கும் வராது. வீடு கட்டுறவங்ககிட்ட கேளுங்க. "ஒரு லோடு கிராவல் எவ்வளவு?"ன்னுதான் பேச்சு வரும். அஸ்திவாரத்துக்கும் ரோட்டுக்கும் கொட்டுற செம்மண். இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில திரும்பி வருவோம்.

கிளம்புற இடம்

காலையில நாலே முக்கால். கடற்கரைச் சாலை, காந்தி சிலை. இவ்வளவு சீக்கிரமான்னு கேக்காதீங்க. முதல் 14 கிலோமீட்டர் கிழக்குக் கடற்கரைச் சாலை. விடிஞ்சா பஸ்ஸும் காரும் நம்மள ஓரத்துல இருக்கிற மணல்ல தள்ளிடும்.

முத்தியால்பேட்டை தாண்டி கோட்டக்குப்பம் வந்தா தமிழ்நாடு. இந்த ரைடுல மாநில எல்லையைப் பல தடவை தாண்டுவோம். பிரெஞ்சுக்காரங்க காலத்துல துண்டு துண்டா இருந்த நிலம்தான் இன்னைக்கும் புதுச்சேரி. ஒரு டீக்கடை அங்க, அடுத்த டீக்கடை இங்க.

நகரத்தை விட்டு வெளிய வரும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வரும். 18ஆம் நூற்றாண்டுல இந்த ஊருக்கு வெளியே, கடற்கரையில ஆரம்பிச்சு நகரத்தைச் சுத்தி வளைச்சு, ஒரு பெரிய முள்வேலி இருந்துச்சு. கம்பி வேலி இல்ல. கற்றாழை, முட்செடி, நடுநடுவுல பனையும் தென்னையும். குதிரைப்படை உள்ள வர முடியாத அளவுக்கு அடர்த்தி. 1760-ல ஆங்கிலேயப் படை முற்றுகை போட்டப்போ, முதல்ல அந்த வேலியையும் அதுல இருந்த காவல் அரண்களையும்தான் பிடிக்க வேண்டியிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் நகரத்தை நெருங்கினாங்க. 1761 ஜனவரியில பாண்டி விழுந்துச்சு. ஊருக்கு முதல் காவலே செடியும் மரமும்தான். இன்னைக்கு அதுல எதுவும் மிச்சமில்லை.

முதல் காடு: அய்யனாரோட காடு

விடியற நேரத்துல கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில். ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள போனா, சட்டுன்னு வெளிச்சம் குறையும். காத்து மாறும். சைக்கிளை வெளியவே நிறுத்திடுங்க. உள்ள ஓட்டுற இடம் இல்ல இது.

இந்தக் காட்டோட வகைக்கு உலர் பசுமைமாறாக் காடுன்னு பேரு. பேரைக் கேட்டாலே முரணா இருக்கும். வறண்ட காடுன்னா இலை உதிரணும், பசுமையா இருக்கணும்னா மழை வேணும். இங்க வருஷ மழையில பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். மிச்ச மாசமெல்லாம் வெயில். ஆனாலும் இந்த மரங்கள் இலையை உதிர்க்காது. இலை சின்னதா, தடிப்பா, பளபளன்னு இருக்கும். தண்ணியை இறுக்கிப் பிடிச்சு வெச்சுக்கும். மரங்களும் ரொம்ப உயரம் இல்ல. வீரை, காசான், உலக்கைப் பாலை, மகிழம், நாவல். நம்ம கொள்ளுப்பாட்டிகளுக்கு எல்லாத்துக்கும் பேர் தெரியும். எனக்கு அஞ்சு பேர் தெரிஞ்சுக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு.

சோழமண்டலக் கரையில ஒரு காலத்துல இந்த மாதிரிக் காடு பரவலா இருந்துச்சு. இன்னைக்கு சின்னச் சின்னத் துண்டுகளாத்தான் இருக்கு. அதுல பல துண்டுகள் கோயில் காடுகள். ஏன் கோயில் காடு மட்டும் தப்பிச்சுது? ஊர்ல ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு: அய்யனாரோட காட்டுல ஒரு சுள்ளி கூட ஒடிக்கக் கூடாது. நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அந்தக் கட்டுப்பாடு எத்தனையோ தலைமுறையா வேலை செஞ்சிருக்கு. விறகுக்கு எவ்வளவு கஷ்டம் இருந்த காலத்துலயும் இங்க கை வைக்காம போயிருக்காங்க.

பொங்கல் வைக்க, மொட்டை போட வர்ற குடும்பங்களோட கூட்டம் இருக்கும். ஜெர்ஸியும் ஹெல்மெட்டுமா அவங்க நடுவுல போய் செல்ஃபி எடுக்காதீங்க. கும்பிடணும்னா கும்பிடுங்க, இல்லன்னா கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க. அப்புறம் கிளம்பலாம்.

ரெண்டாவது காடு: நட்ட காடு

இங்கிருந்து தென்மேற்கா, கிராமத்து ரோடுகள் வழியா ஆரோவில் மேட்டுக்கு ஏறணும். மலையெல்லாம் இல்ல. ஆனா கடலோரத்துல இருந்து வர்றதால ஏறுறது காலுக்குத் தெரியும். இங்கதான் செம்மண் ஆரம்பிக்குது. கிராவல் டயருக்கு நிஜமான வேலையும் இங்கதான்.

1968 பிப்ரவரி 28-ல ஆரோவில் ஆரம்பிச்சப்போ இந்த மேடு பொட்டல். அந்தக் காலத்துப் படங்களைப் பாருங்க. ஒரு ஆலமரம், சில பனை, மிச்சமெல்லாம் சிவப்பு. மழை பெஞ்சா மேல் மண்ணை வாரிக்கிட்டு தண்ணி நேரா கடலுக்கு ஓடும். ஓடின இடமெல்லாம் பள்ளத்தாக்கு மாதிரி ஆழமா அரிச்சிருக்கும். இன்னைக்கு இன்ஸ்டாகிராம்ல "ரெட் கேன்யன்"னு போட்டோ போடுறோமே, அது அழகு இல்ல மக்களே, காயம். மரம் போன நிலத்துல தண்ணி போட்ட காயம்.

பக்கத்துல இரும்பை ஊர்ல மாகாளேஸ்வரர் கோயில் இருக்கு. சம்பந்தர் பாடின தலம். அங்க ஒரு கதை சொல்லுவாங்க. கடுவெளிச் சித்தரை ஊர் ஜனம் கேலி பண்ணிடுச்சு. அவர் கோபப்பட்டதுல லிங்கம் வெடிச்சுது, இந்த நிலத்துல புல் பூண்டு முளைக்காம போச்சு. அப்புறம் மன்னிப்புக் கேட்டப்போ, எங்கிருந்தோ தூர தேசத்து ஆளுங்க வந்து இதைத் திரும்பப் பச்சையாக்குவாங்கன்னு சொன்னாராம். சாபம் இருக்கட்டும். வெட்டினது மனுஷங்க, நட்டதும் மனுஷங்க.

எப்படி நட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா ரூட்டே வேற மாதிரி தெரியும். மரம் நடுறதுக்கு முன்னாடி கரை போட்டாங்க. நிலத்தோட மட்டம் பார்த்து, சரிவுக்குக் குறுக்கா, நீள நீளமா மண் கரை. விழுற மழை ஓடாம அங்கேயே நின்னு உள்ள இறங்கணும். அதுக்கப்புறம் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த, வேகமா வளர்ற ஒரு அகேசியா. பல இடத்துல அதோட நிழல்லதான் நம்ம வீரையும் காசானும் எழுந்துச்சு. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் அடிச்சப்போ அந்த அகேசியாக்கள் கொத்துக் கொத்தா சாய்ஞ்சுது. கோயில் காடுகள்ல இருந்து விதை எடுத்து இங்க வளர்த்திருக்காங்க. முதல் காட்டோட பிள்ளைகள்தான் ரெண்டாவது காட்டுல நிக்குது.

ஆரோவில்லுக்குள்ள எந்தப் பாதை எப்போ திறந்திருக்கும்னு நான் சொல்ல முடியாது. 2021 டிசம்பர்ல உள்ளேயே ரோடு போட மரம் வெட்டினது பெரிய பிரச்சனையாகி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் பல தடங்கள் மாறிடுச்சு. பொதுப் பாதையில மட்டும் ஓட்டுங்க. வேலி, கேட், "உள்ளே வராதீர்கள்" பலகை இருந்தா திரும்பிடுங்க.

என் தப்பு

சரி, அந்தக் கதைக்கு வர்றேன். இடம் எதுன்னு சொல்ல மாட்டேன். இந்த மேட்டுல ஒரு மூலைன்னு வெச்சுக்கோங்க.

2022 செப்டம்பர்ல ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சேன். ஒரு மண் ரோடு முடியுற இடத்துல ஒரு கரை. அதை ஏறி இறங்கினா அந்தப் பக்கம் அருமையான ஒற்றையடிப் பாதை, மூணு கிலோமீட்டர் மரநிழல். ஏறி இறங்குறதுல ஒரு சின்ன ஜம்ப் வேற. வீடியோ எடுத்தேன். ஃபைலை அப்லோட் பண்ணேன். "பாண்டியின் சீக்ரெட் டிரெயில்"னு பேரு வெச்சேன். சீக்ரெட்னு பேரு வெச்சு ஊருக்கே சொன்ன ஆளு நான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து பேர். அதுக்கடுத்த வாரம் சென்னையில இருந்து ஒரு குரூப். எல்லாரும் அதே இடத்துல ஏறினாங்க, அதே இடத்துல இறங்கினாங்க. அக்டோபர்ல மழை ஆரம்பிச்ச அப்புறமும் போனோம். ஈரக் கரையில டயர் பதிஞ்சு, ஒரு கை அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி ஆயிடுச்சு. எனக்கு அது "லைன்". இன்னும் ஸ்மூத்தா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்.

நவம்பர்ல ஒரு ராத்திரி நல்ல மழை. ரெண்டு நாள் கழிச்சுப் போனா கரை இல்ல. சரியா எங்க டயர் தடம் இருந்த இடத்துல, ஒரு ஆள் படுக்குற அகலத்துக்கு உடைஞ்சிருந்துச்சு. தேங்கியிருந்த தண்ணி மொத்தமா போயிருந்துச்சு. கீழ்ப்பக்கம் நட்டு வெச்ச கன்னுங்க வேரோட கிடந்துச்சு.

அங்க ஒரு அம்மா மண்வெட்டியோட நின்னுட்டிருந்தாங்க. அறுபது வயசு இருக்கும். அந்தத் தோட்டத்துல வேலை பார்க்கிறவங்க. சைக்கிளைப் பார்த்தாங்க, டயரைப் பார்த்தாங்க, என் மூஞ்சியைப் பார்த்தாங்க.

"நீங்கதானா தம்பி?"

"அம்மா, நான் மட்டும் இல்லம்மா..."ன்னு ஆரம்பிச்சேன். எவ்வளவு கேவலமான பதில்னு வாயில இருந்து வந்த அப்புறம்தான் புரிஞ்சுது.

அவங்க திட்டலை. "தண்ணி வழி தேடிக்கிட்டே இருக்கும் தம்பி. யாராவது காட்டினா போதும், விடாது"ன்னு சொல்லிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பிச்சாங்க.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஃபைலை எடுத்தேன், வீடியோவை எடுத்தேன். எடுத்தா மட்டும் ஆச்சா? டவுன்லோட் பண்ணவங்ககிட்ட அது இருக்கே. தெரிஞ்ச குரூப் எல்லாத்துலயும் எழுதினேன். நாலு பேர் "சாரி ப்ரோ"ன்னாங்க. ஒருத்தர் "பொது இடம்தானே"ன்னார். ரெண்டு பேர் அடுத்த ஞாயிறு மண்வெட்டியும் பாண்டும் எடுத்துட்டு என்கூட வந்தாங்க. அரை நாள் வேலை. மண்ணைக் கொட்டி, மிதிச்சு, தண்ணி தெளிச்சு, திரும்பக் கொட்டி. மேல வெட்டிவேர் வெச்சோம். அந்த அம்மா சொன்ன மாதிரி நாங்க செஞ்சது பாதிதான் சரியா வந்துச்சு, மிச்சத்தை அவங்க திருத்தினாங்க. நாங்க மூணு பேரும் ரெண்டு நாள் கையைத் தூக்க முடியாம கிடந்தோம்.

அதுல இருந்து ஒரு விதி. மண் ஈரமா இருந்தா கரைப்பக்கம் போகவே மாட்டேன். காய்ஞ்சிருந்தாலும் கரை மேல ஏத்த மாட்டேன். தூக்கிட்டு நடக்குற இடத்துல தூக்கிட்டு நடப்பேன். கிராவல் பைக் ஒம்பது, பத்து கிலோதான். தூக்கலாம்.

ஊசுட்டேரியும் லாரியும்

இரும்பையில இருந்து திண்டிவனம் நெடுஞ்சாலையைத் தாண்டி, பூத்துறை பக்கமா ஊசுட்டேரி. தாண்டும்போது இறங்கித் தள்ளிட்டுப் போங்க. பேருந்து எல்லாம் பறக்கும்.

ஊசுட்டேரி இந்தப் பகுதியில பெரிய ஏரி. பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. 2008-ல புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமா அறிவிச்சுது. சங்கராபரணி ஆத்துத் தண்ணி வாய்க்கால் வழியா இங்க வரும். குளிர்காலத்துல காலையில போனா பறவைச் சத்தத்துல பேசவே முடியாது. டீ குடிக்க இதுதான் சரியான இடம்.

இந்தப் பக்கம்தான் கிராவல் லாரியையும் பார்ப்பீங்க. நாம ஓட்டி ரசிக்கிற அதே செம்மண், தோண்டி லோடு லோடா போயிட்டிருக்கும். யாரோட வீட்டு அஸ்திவாரமோ. என் வீடும் அதுலதான் நிக்குது, அதனால நான் பெருசா நியாயம் பேச முடியாது. ஆனா ஒண்ணு தெரியும். ஒரு அடி மேல் மண் உருவாக எத்தனையோ நூறு வருஷம் ஆகும். லாரி நிறைய அரை மணி நேரம் கூட ஆகாது.

மூணாவது காடு: கல்லான காடு

ஏரியில இருந்து வடமேற்கா, கிராமங்களும் கரும்புத் தோட்டங்களும் தாண்டி திருவக்கரை. சங்கராபரணிக் கரை ஊர். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமி அன்னைக்குக் கூட்டம் அலைமோதும், அன்னைக்கு மட்டும் சைக்கிள்ல வராதீங்க.

ஊருக்குக் கொஞ்சம் கிழக்கே தேசிய கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்குது. 247 ஏக்கர். உள்ள போனா செம்மண்ல மரம் கிடக்கும். வெட்டிப் போட்ட மரம்னுதான் முதல்ல தோணும். தொட்டா கல். வளையம், நார், கணு எல்லாம் தெரியும், ஆனா கல். சுமார் 2 கோடி வருஷம் பழசு. சோனராங்கிற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1781-லயே இதைப் பத்திக் குறிப்பு எழுதியிருக்கார்.

எப்படி ஆச்சு? வெள்ளம் மரங்களை அடிச்சுக்கிட்டு வந்து மணல்ல புதைச்சுது. அதனாலதான் பல தண்டுகள்ல வேரும் இல்ல, கிளையும் இல்ல. புதைஞ்ச மரத்துக்குள்ள மண்ணுல இருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமா ஊறி, மரம் போன இடத்துல கல் உட்கார்ந்துச்சு. புளி, ஆமணக்கு இதெல்லாம் எந்தக் குடும்பமோ, அந்தக் குடும்பத்து மரங்களும் இதுல இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். இந்தக் கல்மரம் புதைஞ்சிருக்கிற பாறைக்குக் கடலூர் மணற்கல்னு பேரு. ஆரோவில் மேட்டுச் செம்மண்ணுக்கு அடியில இருக்கிறதும் அதே கடலூர் மணற்கல். காலையில இருந்து நம்ம டயர் ஓடினதுல பெரும்பகுதி ஒரே பாறையோட வேற வேற முகம். அய்யனார் காடு, நட்ட காடு, கல் காடு.

ஒரு துண்டுக் கல் கூட எடுக்கக் கூடாது. சட்டப்படியும் குத்தம். அய்யனார் கோயில்ல சுள்ளி ஒடிக்கக் கூடாதுங்கிறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஒரு இடத்துல சாமி பார்த்துக்குது, இன்னொரு இடத்துல வாட்ச்மேன் அண்ணன் பார்த்துக்குறார்.

போறவங்களுக்கு

திரும்பி வர தார் ரோட்டுலயே வந்துடுங்க. மொத்தமா 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். டிசம்பர் கடைசியில இருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல நேரம். ஏப்ரல், மே மாசத்துல வேண்டாம், நிஜமாவே வேண்டாம்.

டயர் டியூப்லெஸ்ஸா இருந்தா நல்லது, உள்ள சீலண்ட் கட்டாயம். இங்க எதிரி கல் இல்ல, முள். சீமைக்கருவேல முள் குத்தினா ஒரு ஓட்டை. நெருஞ்சி மேல ஏறினா பத்து ஓட்டை. 70 கிலோ ஆளுக்கு, 40 மில்லிமீட்டர் டயர்ல 35 பிஎஸ்ஐ பக்கம் காத்து வெச்சா மணல்லயும் சமாளிக்கலாம். மழை பெஞ்ச ரெண்டு நாளைக்கு மேட்டுப் பக்கம் போகாதீங்க. செம்மண் டயர்ல அப்பி சக்கரமே சுத்தாது, கரைக்கும் கெடுதல்.

வழி தெரியலைன்னா கேளுங்க. இதுக்காகத்தான் ஃபைல் தரமாட்டேங்கிறேன். ஃபைல் இருந்தா நாம யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டோம். ஸ்கிரீனைப் பார்த்து ஓட்டுவோம். "அண்ணே, இந்தப் பக்கம் போலாமா?"ன்னு ஒரு கேள்வி கேட்டா, "போலாம்பா, ஆனா நேத்து தண்ணி திறந்துவிட்டிருக்காங்க, அந்தப் பக்கமா போ"ன்னு பதில் வரும். அந்தத் தகவல் எந்த ஆப்லயும் இருக்காது. நான் அன்னைக்கு அந்தக் கரைக்கு முன்னாடி நின்னு ஒரே ஒருத்தர்கிட்ட கேட்டிருந்தா போதும்.

கடைசியா ஒண்ணு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ புதுச்சேரியில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. எல்லாம் வடிஞ்சு, மண் காய்ஞ்சு, ரெண்டு வாரம் கழிச்சு அந்த மூலைக்குப் போனேன். சைக்கிளை ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்தேன். நாங்க சரி பண்ண இடம் மேல கொஞ்சம் கரைஞ்சிருந்துச்சு. உடையல. அந்தப் பக்கம் தண்ணி நின்னுட்டிருந்துச்சு.

அந்த அம்மாவும் இருந்தாங்க. "வாங்க தம்பி, வண்டி எங்க?"ன்னு கேட்டாங்க.

"ரோட்டுல இருக்கும்மா."

சிரிச்சுட்டு மண்வெட்டியைக் கையில குடுத்தாங்க. கரைஞ்ச இடத்துக்கு இன்னும் நாலு பாண்டு மண் வேணுமாம்.

அவ்வளவுதான் மக்களே. போயிட்டு வந்தா எழுதுங்க. ஃபைல் மட்டும் கேக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.